தூர்த்த பள்ளம்

பூமாரியின் இடது இடுப்பில் ஒரு பள்ளம் இருந்தது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்ற எஸ்டேட் டிராக்டர் பிரேக் பிடிக்காமல் பின்னால் உருண்டபோது, அதன் பெட்டிக்கும் கல்கட்டுக்கும் நடுவில் அவள் நின்றிருந்தாள். எலும்பு தப்பியது. சதை நசுங்கி அழுகியது. எஸ்டேட் ஆசுபத்திரியில் அழுகியதை வெட்டி எடுத்தார்கள். தோல் மூடி ஆறியபோது, அந்த இடம் ஒரு தேங்காய்ச் சிரட்டையைப் பதித்து எடுத்தது போல இருந்தது.

நடை சாய்ந்தது. சரிவில் கால் நிற்கவில்லை. கொழுந்தெடுக்கும் பெண்கள் சேலைக்கு மேல் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டும் படங்குச் சாக்கு, அவளுக்கு மட்டும் இடது பக்கமாக வழுக்கி இறங்கியது.

"பூமாரி கொடிய இறக்குறாடி" என்பாள் பக்கத்து நிரையில் கொழுந்தெடுக்கும் மாரித்தாய்.

"ஏத்துறதுக்கு நீ வா" என்பாள் பூமாரி. இழுத்துக் கட்டிக்கொள்வாள்.

பிறகு அவளைத் தேயிலையிலிருந்து எடுத்துப் பிள்ளைக் கொட்டகையில் போட்டார்கள். தாய்மார்கள் மலைக்குப் போனபின் தொட்டில் ஆட்டும் வேலை. போர்டு கூடும் வரைக்கும்தான் என்றார்கள்.

போர்டு என்றால் அரசு டாக்டர்கள். அவர்கள் பார்த்து, இவள் இனி மலைவேலைக்கு ஆகமாட்டாள் என்று சொன்னால், எஸ்டேட் பதிவில் அவளுக்கு இருக்கும் பேர் அவள் வீட்டில் ஒருவருக்குப் போகும். வழக்கம் அது. பேர் இருந்தால் வேலை. வேலை இருந்தால் எஸ்டேட்டின் லயத்து வீட்டில் தங்கலாம்.

பூமாரிக்குப் பிள்ளை இல்லை. தங்கை வெள்ளத்தாய் இருந்தாள். அம்மா செத்தபின் வெள்ளத்தாய் பூப்பாறைப் பக்கம் ஓர் ஏலக்காய்க் காட்டில் கூலிக்குப் போனாள். காய் உலர்த்தும் கொட்டகையில்தான் படுக்கை. ஒரு நாள் மாற்றுத்துணிகூட எடுக்காமல் அக்காள் வீட்டுக்கு நடந்தே வந்து சேர்ந்தாள். என்ன என்று பூமாரி கேட்டாள்.

"அங்க கதவுக்குத் தாப்பா கெடையாதுக்கா" என்றாள் வெள்ளத்தாய். அதற்குமேல் பூமாரி கேட்கவில்லை.

அன்றுமுதல் வெள்ளத்தாய் விருந்தாளி. எஸ்டேட்டில் விருந்தாளி தங்க ஆபீஸ் அனுமதி வேண்டும். மாதம் பிறந்தால் பூமாரி போய்க் கேட்பாள். ஆபீஸ் கிளார்க், "ஈ மாசம் கூடி" என்பான். மலையாளத்தில், இந்த ஒரு மாதமும் இருக்கட்டும் என்று அர்த்தம். போர்டு வரட்டும் என்று பூமாரி காத்திருந்தாள். போர்டு முடிந்தால் தங்கைக்குப் பேர் வந்துவிடும்.

இடுப்பைச் சரிசெய்யலாம் என்று முதலில் சொன்னது அவள் புருசன் மொக்கையன். கவாத்து வெட்டும் ஆள். போடிக்காரன். அவளைக் கட்டிக்கொண்டபின் மேலே எஸ்டேட்டுக்கு வந்தவன்.

"பாலக்காட்டுல ஒரு டாக்டராம். சீமையில படிச்சவராம். வயித்துக் கொழுப்ப எடுத்துப் பள்ளத்துல வச்சுத் தைக்காராம். நம்ம எஸ்டேட் டாக்டருக்குக் கூடப் படிச்சவரு. ஆபீசே அனுப்புதேன்னு சொல்லுது."

"ஆபீசுக்கு என்ன திடீர்னு எம்மேல பாசம்?"

"அவுக டிராக்டர்தான அடிச்சுச்சு. மனசு இருக்காதா?"

பூமாரி அடுப்பை ஊதினாள். பிறகு கேட்டாள்.

"மாமா, போர்டு வருதே. இப்பப் போயி இதச் செய்யலாமா?"

"போர்டு பாக்குறது நடைய. இடுப்பு அழகா இருக்கான்னா பாப்பாக?"

மொக்கையன் குரலைத் தாழ்த்தினான்.

"எனக்காகச் செய்யி புள்ள."

விபத்துக்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் கை வைத்ததில்லை. அவளும் கேட்டதில்லை. படுக்கும்போது இடது பக்கத்தைச் சுவரோரம் வைத்துப் படுக்கப் பழகியிருந்தாள். அவன் அதைக் கவனித்திருக்கிறான் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

பாலக்காட்டில் டாக்டர் வெங்கிடேஸ்வரன் கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர். வெள்ளை வேட்டியில் இருந்தார். அவள் இடுப்பைப் பார்த்தார். கட்டைவிரலால் பள்ளத்தின் விளிம்பைச் சுற்றி வந்தார். பிறகு வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். விரலுக்குத் தோல் மட்டுமே வந்தது.

"எங்கேருந்து எடுக்கறது? ஒன் ஒடம்பில கொழுப்புன்னு ஒண்ணு இல்லையே."

"மலை ஏறி எறங்குறவளுக்கு எங்குட்டு சார் இருக்கும்?"

அவர் சிரித்தார். "தேறி வா. பாலு, முட்டை, நெய் எல்லாம் சாப்பிடு. வயத்தில மடிப்பு விழணும். அப்பறம் பாக்கலாம்."

"வலி போயிருமா சார்?"

"போகாது. நடையும் மாறாது, கேட்டயா. உள்ள தசை போனது போனதுதான். நான் பண்றது மேலுக்கு ஆக்கும். வெளிலேர்ந்து பாத்தா ரெண்டு பக்கமும் சமமா இருக்கும். அதிலயும் பாதி நாளடைவில கரைஞ்சு போயிடும். பள்ளம் கொஞ்சம் திரும்பி வரும். முன்கூட்டியே சொல்லிட்டேன். பின்னால வந்து அழக்கூடாது."

மொக்கையன், "எம்புட்டு நாளைக்குச் சார் சமமா இருக்கும்?" என்று கேட்டான்.

"ஆறேழு மாசம் நன்னாவே இருக்கும்."

"அது போதும் சார்" என்றான் மொக்கையன்.

வழியெல்லாம் பூமாரிக்கு மனது லேசாக இருந்தது. நடை மாறாது என்று டாக்டரே சொல்லிவிட்டார். நடையைப் போர்டு பார்த்துக்கொள்ளும். இடுப்பை மொக்கையன் பார்த்துக்கொள்வான். இரண்டுக்கும் இடைஞ்சல் இல்லை.

அவளைத் தேற்றத் தொடங்கினார்கள். எஸ்டேட் மேனேஜர் பெரியதொரையின் பங்களாவிலிருந்து தூக்குவாளியில் பால் வந்தது. டிஸ்பென்சரி கம்பவுண்டர் சூசையப்பன் முட்டை கொண்டுவந்து கொடுத்தார். மொக்கையன் ஞாயிற்றுக்கிழமை போடிமெட்டு இறங்கி ஆட்டுக்கறியும் கொழுப்புமாக வாங்கி வந்தான். வெள்ளத்தாய் நெய் ஊற்றிச் சோறு பிசைந்து கொடுத்தாள். பூமாரி அதில் பாதியைத் தங்கை பக்கம் தள்ளினால் மொக்கையன் விடமாட்டான்.

"நீ தின்னு. அவளுக்கு வேற போட்டுக்கிறலாம்."

லயத்துப் பெண்கள் குழாயடியில் பிடித்துக்கொண்டார்கள்.

"தொரை ஊட்டுப் பாலு எப்படிடி இருக்கு?" என்றாள் மாரித்தாய்.

"பால் மாதிரித்தான் இருக்கு."

"நெய்யுங்குறான், கறியுங்குறான். எந்தக் கோயிலுக்கடி உன்ன நேந்து விட்டுருக்கான்?"

பூமாரி சிரித்தாள். கல்யாணமான புதிதில்கூட அவன் எடுத்து வைத்து அவள் சாப்பிட்டதில்லை. இப்போது தட்டின் எதிரில் குந்தி உட்கார்ந்து அவள் கடைசி வாய் விழுங்கும் வரை பார்த்தான். அவளுக்கு வெட்கமாக இருந்தது. வயிற்றில் ஒரு மடிப்பு விழுந்தது. அதை அவள் அவனிடம் கிள்ளிக் காட்டினாள்.

அறுவை பாலக்காட்டில் நடந்தது. வயிற்றில் ஒரு தையல், இடுப்பில் ஒரு தையல். இரண்டும் ஒன்றையொன்று பிடித்து இழுப்பது போல வலித்தது. கட்டுப் பிரித்த அன்று டாக்டர் ஒரு கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினார். பள்ளம் இல்லை. மெல்லிய கோடு ஒன்று மட்டும் வளைந்து போனது. அவர் தன் வேலையைத் தானே மெச்சிக்கொள்வது போலக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ யார்கிட்டயும் காட்டப்போறதில்லை. எனக்குத்தான் நாலு பேர்கிட்டக் காட்டணும்னு இருக்கு" என்றார்.

எஸ்டேட்டுக்குத் திரும்பினாள். நடை முன்போலவே சாய்ந்தது. நின்றால் உள்ளே சுருக்கென்றது. ஆனால் சேலைக் கொசுவம் இடுப்பில் நின்றது.

மொக்கையன் வேலை முடிந்து வந்ததும் கைகால் கழுவிவிட்டு அவள் பக்கத்தில் உட்காருவான். இடது இடுப்பில் கை வைப்பான். லேசாக அழுத்துவான்.

"இறுகிருச்சா?"

"இறுகிட்டுத்தான் வருது."

"வலிக்குதா?"

"நீ தொட்டா வலிக்கல."

தினமும் அப்படி நடந்தது. அந்த நேரத்தில் வெள்ளத்தாய் தண்ணீர் எடுக்கப் போய்விடுவாள். இந்த இடுப்புக்காக இன்னொரு தடவை டிராக்டருக்குப் பின்னால் நிற்கலாம் என்று பூமாரிக்குத் தோன்றியது.

ஒரு வியாழக்கிழமை மொக்கையன் சொன்னான்.

"நாளைக்கு டவுன் ஆசுபத்திரிக்குப் போகணும். ஆப்பரேசன் எப்படி இருக்குன்னு பாலக்காட்டு டாக்டரு கேட்டு விட்டுருக்காராம். இங்க உள்ள டாக்டர்மாரு பாத்துச் சொல்லணுமாம். ஆபீஸ் ஜீப்பு வரும்."

"போர்டு எப்ப?"

"அது அடுத்த மாசத்துக்குத் தள்ளிப்போச்சாம்."

காலையில் அவன் நல்ல சேலையைக் கட்டச் சொன்னான். ஜீப்பில் ஏறும்போது மறுபடியும் சொன்னான்.

"நல்லா நேரா நடந்து காட்டு. அந்த டாக்டரு மெனக்கெட்டுச் செஞ்சிருக்காரு. அவரு பேரக் கெடுத்துராத."

டவுன் ஆசுபத்திரியில் ஒரு நீண்ட மேசை இருந்தது. டாக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். திரைக்குப் பின்னால் ஒரு நர்ஸ் அவள் சேலையைத் தளர்த்தினாள். ஒரு டாக்டர் வந்து பார்த்தார், தொட்டார், அழுத்தினார். மேசைக்குத் திரும்பி மலையாளத்தில் ஏதோ சொன்னார். பிறகு அவளை நடக்கச் சொன்னார்கள்.

டாக்டர் முன்னால் எப்படி நடக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். எஸ்டேட்டில் எல்லாருக்கும் தெரியும். பேர் போடுவதற்கு முன் டாக்டர் நடக்கவிட்டுப் பார்ப்பார். சாய்கிறவர்களை, இருமுகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வயசுக்கு வந்த புதிதில் அம்மா அவளை லயத்து வாசலில் முன்னும் பின்னும் நடக்கவிட்டுப் பழக்கியிருந்தாள். முள் குத்தினாலும் நேராக நடக்கவேண்டும். முகம் சுளிக்கக்கூடாது.

பூமாரி நேராக நடந்தாள். வலியைப் பல்லுக்கடியில் வைத்துக்கொண்டாள். சுவர் வரைக்கும் போய்த் திரும்பினாள். மேசையில் இருந்த பெரியவர் கையைக் காட்டினார்.

"மதி, மதி."

போதும் என்றார். அவளுக்குப் பெருமையாக இருந்தது. வாசலில் நின்ற மொக்கையனை உள்ளே கூப்பிட்டார்கள்.

"பாரியா? வீட்டில் ஜோலி செய்யுன்னுண்டோ?" மனைவி வீட்டில் வேலை செய்கிறாளா என்று பெரியவர் கேட்டார்.

"செய்யுறா சார். தண்ணி தூக்குறா. வெறகு தூக்குறா."

அவள் எதையும் தூக்குவதில்லை. தங்கைதான் தூக்கினாள். பாலக்காட்டு டாக்டருக்காக இவன் பெருமை பேசுகிறான் என்று நினைத்துப் பூமாரி தலையைக் குனிந்துகொண்டாள்.

திரும்பும்போது ஜீப்பில் முன்னால் டிரைவரோடு மொக்கையன் இருந்தான். பின்னால் பூமாரியும், கூட வந்திருந்த கம்பவுண்டர் சூசையப்பனும். கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் திரும்பும்போதெல்லாம் இடுப்பு உள்ளே குத்தியது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அடுத்த மாசம் போர்டுக்கும் இந்த ஜீப்பையே விடச் சொல்லுங்க அண்ணே. பஸ்ஸுல என்னால முடியாது."

சூசையப்பன் அவளைப் பார்த்தார். பிறகு மொக்கையனின் முதுகைப் பார்த்தார்.

"அடுத்த மாசம் எந்தப் போர்டு?"

"என்ன வேலைக்கு ஆகமாட்டான்னு சொல்லுற போர்டு."

சூசையப்பன் சட்டைப்பையிலிருந்து மூக்குப்பொடி மட்டையை எடுத்தார். போடாமல் திரும்ப வைத்தார்.

"இப்பப் பாத்தமே, அதுதான் போர்டு தாயி."

ஜீப் ஒரு வளைவு திரும்பியது.

"நீ சரியாயிட்ட, மலைக்கு அனுப்பலாம்னு சொல்லிட்டாக. நிரந்தர ஊனம்னு சொல்லியிருந்தா டிராக்டர் கதையெல்லாம் கிளம்பும். பிரேக் இல்லாத வண்டிய ஏன் ஓட்டுனன்னு சர்க்கார்ல கேப்பான். ஆபீசுக்கு அது வேணாம். உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். இவன் சொல்லலையா?"

பூமாரி முன்னால் குனிந்தாள்.

"மாமா."

மொக்கையன் திரும்பவில்லை.

"கங்காணி குருசாமிக் கெழவன் வேலைய விட்டு நிக்கப்போறான். அந்த எடம் எனக்குன்னு சொல்லியிருக்காக. கங்காணின்னா சும்மாவா? ரெண்டு பேருக்கும் நல்லதுதான?"

"மூணு பேரு இருக்கோம்."

அவன் வெளியே பார்த்தான். டிரைவர் தேவையில்லாமல் ஹாரன் அடித்தான்.

வீட்டில் வெள்ளத்தாய் கஞ்சி வைத்திருந்தாள். பூமாரி நடந்ததை ஒரே மூச்சில் சொன்னாள். வெள்ளத்தாய் அக்காளையும் மச்சானையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்க் கொடியில் கிடந்த தன் துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

"அதுக்குள்ள என்ன? கங்காணி ஆயிட்டேன்னா ஆபீசுல சொல்லி இன்னொரு மாசம் வச்சுக்கிறலாம்" என்றான் மொக்கையன்.

"எதுக்கு மச்சான், இன்னொரு மாசம் நெய் ஊத்திப் பிசையுறதுக்கா?"

அவன் கையை ஓங்கினான். பூமாரி நடுவில் வந்து உட்கார்ந்தாள். கை இறங்கியது.

"ஒண்ணு மட்டும் கேக்கேன்" என்றாள். "தெனமும் சாயங்காலம் தொட்டுத் தொட்டுப் பாத்தியே. அது எதுக்கு?"

அவன் கஞ்சித் தட்டை இழுத்துக்கொண்டான்.

"சொல்லு."

"இறுகுனதும் சொல்லுன்னு எஸ்டேட் டாக்டரு சொல்லியிருந்தாரு. அதப் பாத்துத்தான் தேதி போட்டாக."

அவன் கஞ்சியைக் குடித்து முடித்தான்.

எமர்ஜென்சி காலம் அது. யூனியன் ஆபீஸில் ஒருவன் உட்கார்ந்து பழைய பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். பூமாரி போய்ச் சொன்னாள். இப்போது எதையும் கிளப்பமுடியாது, காலம் மாறட்டும் என்றான். ஆபீஸில் கிளார்க் இந்த மாதம் விருந்தாளிக்கு அனுமதி இல்லை என்றான். பிள்ளைக் கொட்டகையில் அவள் இடத்தில் வேறொருத்தி இருந்தாள்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை காலை பிரட்டுக் களத்தில் குருசாமி நின்ற இடத்தில் மொக்கையன் நின்றான். பேர் கூப்பிட்டு நிரை பிரித்துக் கொடுக்கும் இடம் அது. புதுக் குடை கையில் இருந்தது. பனி விலகவில்லை. பெண்கள் கூடையோடு வரிசையாக நின்றார்கள். களத்தை ஒட்டிய ரோட்டில் துணி மூட்டையோடு வெள்ளத்தாய் பூப்பாறை பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மொக்கையன் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டான். மேல் மலை, பாறைக்காடு, ஆற்றோரம் என்று அனுப்பினான். பூமாரியின் பேர் வந்தபோது குரல் கொஞ்சம் இறங்கியது.

"பூமாரி. நீ ரோட்டோர நிரை எடுத்துக்க."

ரோட்டோரம் சமதரை. வயதானவர்களுக்கும் பிள்ளை பெற்று வந்தவர்களுக்கும் கொடுப்பது.

"எனக்கு எதுக்கு ரோட்டோரம்?" என்றாள் பூமாரி.

"குடுத்தத எடுத்துக்க."

"போர்டு பாத்து, எனக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்லியிருக்கு. பாறைக்காட்டுக்கு அனுப்பு."

பெண்கள் வரிசையில் ஒருவரும் அசையவில்லை. ஆபீஸ் திண்ணையில் கிளார்க் வந்து நின்றான். மொக்கையன் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

"காலங்காத்தால வம்பு பண்ணாத. போ."

பூமாரி அவனைப் பார்த்தாள். குடையை, புது பூட்ஸை, பேர் கூப்பிடத் திறந்திருந்த வாயைப் பார்த்தாள். அவன் கொடுக்கும் நிரையில் நாளைக்கும் நிற்கவேண்டும். அதற்கு மறுநாளும். சாயங்காலம் அதே ஆள் வீட்டுக்கு வருவான்.

அவள் கூடையை இறக்கிக் கீழே வைத்தாள். ரோட்டைப் பார்த்து நடந்தாள்.

"ஏய். வேலைக்கு நிக்கலைன்னா பேரு போயிரும்."

அவள் நிற்கவில்லை. களத்துச் சரிவில் கால் வழுக்கியது. பக்கத்துச் செடியைப் பிடித்து ஊன்றிக்கொண்டு இறங்கினாள். மொக்கையன் வரிசையை விட்டுவிட்டுப் பின்னால் வந்தான்.

"நீயும் பொறப்புட்டியா? இந்த நொண்டிக்கால வச்சுக்கிட்டு ஏலக்காட்டுல என்னடி வேல செய்வ?"

களத்தில் எல்லாருக்கும் கேட்டது. கிளார்க்குக்கும் கேட்டது.

மாரித்தாய் தன் கூடையைத் தோளில் ஏற்றிக்கொண்டே சொன்னாள்.

"இத அன்னைக்கு ஆசுபத்திரியில சொல்லியிருக்கலாமே மொக்கையா."

மொக்கையன் நின்றான். கிளார்க் உள்ளே போய்விட்டான்.

பஸ் போடிமெட்டுப் பக்கமிருந்து முனகிக்கொண்டே வந்தது. வெள்ளத்தாய் அக்காளைப் பார்த்தாள்.

"நீ எதுக்குக்கா?"

"ரெண்டு பேரா இருந்தா கதவுக்கு உள்ளேருந்து எதையாச்சும் நகத்தி வச்சுப் படுக்கலாம்."

"உன்னால அங்க முடியாது."

"முடியாதுதான்" என்றாள் பூமாரி. "ஏறு."

படி உயரமாக இருந்தது. வெள்ளத்தாய் முதலில் ஏறி, மூட்டையை உள்ளே தள்ளிவிட்டுக் கையை நீட்டினாள். பூமாரி வலது காலை வைத்து, இடது காலைக் கையால் தூக்கி மேலே வைத்தாள். கண்டக்டர் பொறுமையாகக் காத்திருந்தான்.

"எங்கம்மா?"

"பூப்பாறை" என்றாள் அவள். "ரெண்டு."